வைகறை வளாகம் சாவி வாங்கிய கதை

மறைமலைநகருக்கு இந்தப் பக்கம் வைகறை வளாகம் என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. ஐந்து மாடி, ஒரு லிப்ட், மொட்டைமாடியில் பூட்டிய ஓர் அறை. அங்கே குடியிருப்பவர்கள் எல்லாருமே நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அவர்களுக்கு இருக்கும் ஒரே குறை அதுதான்.

வீடுகளை விற்று முடித்து வருஷக்கணக்காகியும் பில்டர் மாசிலாமணி அசோசியேஷனை விடவில்லை. தலைவர் அவர். செயலாளர் அவர் மைத்துனர். பொருளாளர் மைத்துனரின் மனைவி. தண்ணீர் மோட்டார் கீழே இருந்தது, அதன் ஸ்விட்ச் மொட்டைமாடி அறையில் இருந்தது. ஏன் அப்படி என்று கட்டியவரைத்தான் கேட்க வேண்டும். கட்டியவர் அந்த அறைச் சாவியை மற்றச் சாவிகளோடு ஒரே கொத்தாக இடுப்பில் தொங்கவிட்டிருந்தார்.

தினமும் காலையில் வருவார். மேலே போய் மோட்டார் போடுவார். தொட்டி பாதி நிரம்பியதும் நிறுத்துவார். முதல்நாள் யாராவது அவரை முறைத்திருந்தால் கால் தொட்டியோடு நிறுத்திவிடுவார். தலையில் ஷாம்பு நுரையோடு ஆபீஸ் போனவர்கள் வளாகத்தில் நிறையப் பேர்.

அந்தச் சாவி கைக்கு வந்தால்தான் குளிக்க முடியும் என்று கடைசியில் எல்லாரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற திருவேங்கடம் சாரை இடைக்காலத் தலைவர் ஆக்கினார்கள். ஜெசிந்தா டீச்சரும் டயர் கடை மொய்தீன் பாயும் அவருக்குத் துணை.

வக்கீல் பிரமிளா வீட்டுப் பத்திரங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பில்டரே ஆயுள் முழுக்கத் தலைவர் என்று அதில் எழுதியிருந்தது. கீழே எல்லாருடைய கையெழுத்தும் அழகாக இருந்தது. “இனிமே படிச்சுப் பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க” என்றார்.

அந்த வாரமே திருவேங்கடம் சாருக்குக் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. அவர் ஆசைப்பட்டு வரவழைத்த ஐந்து பாகச் சரித்திர நாவல். கூரியர்காரர் லூர்து கையெழுத்துக் கேட்டார். சார் அவரை மாடிப்படியில் உட்காரச் சொல்லிவிட்டு முதல் பாகத்தைப் பிரித்தார். லூர்து ஒரு வாரம் வந்து வந்து உட்கார்ந்தார். கடைசி அத்தியாயத்தில் இளவரசி இறந்துபோனதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் சார் கையெழுத்துப் போட்டார். லூர்துவும் கொஞ்சம் அழுதார், வேறு காரணத்துக்காக.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வியாழக்கிழமை காலையில் வக்கீலிடமிருந்து போன் வந்தது.

“கோர்ட்ல இடைக்கால உத்தரவு வாங்கிட்டேன் சார். நாளைக்கு வாய்தா. அது வரைக்கும் இந்த நிமிஷம் வளாகத்துல எது எப்படி இருக்கோ, அது அப்படியே இருக்கணும். யாரும் எதையும் மாத்தக் கூடாது. மாத்தினா கோர்ட் அவமதிப்பு.”

திருவேங்கடம் சார் போனை வைக்காமலே பால்கனிக்கு ஓடி, வந்த உத்தரவை உரக்க அறிவித்தார்.

அந்த நிமிஷம் மொய்தீன் பாய் ஒரு பக்கத் தாடியை மழித்து முடித்திருந்தார். மறுபக்கத்தைத் தொடாமல் கத்தியைக் கழுவி வைத்தார். ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்போடு திரும்ப உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார். வாட்ச்மேன் கேட்டைப் பாதி திறந்திருந்தார். ஸ்கூட்டர்கள் போய் வந்தன. கார்கள் வெளியே நின்று யோசித்தன.

பில்டர் மாசிலாமணி அந்த நிமிஷம் லிப்டில் இருந்தார். மோட்டார் போட்டுவிட்டு, காரில் வைத்த கைபேசியை எடுக்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். அவரே பராமரிக்காமல் விட்ட லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. பழைய மாதிரி கம்பிக் கதவு லிப்ட். இரண்டாம் மாடியில் நின்று பார்த்தால் இடுப்புக்குக் கீழே பில்டர் முழுசாகத் தெரிந்தார். குனிந்தால் முகமும் தெரியும்.

“சார், மெக்கானிக்கைக் கூப்பிடுங்க” என்றார், குனிந்து.

மூவரும் கூடிப் பேசினார்கள்.

“உத்தரவு வந்தப்ப இவர் எங்க இருந்தார்?” என்றார் திருவேங்கடம் சார்.

“லிப்ட்லதான் சார்” என்றார் மொய்தீன் பாய்.

“லிப்ட் ஓடிக்கிட்டு இருந்துச்சா, நின்னுக்கிட்டு இருந்துச்சா?”

“நின்னுக்கிட்டு இருந்துச்சு” என்றார் ஜெசிந்தா டீச்சர். “நின்னதுனாலதான் சத்தம் போட்டார்.”

“அப்ப நம்ம கையில ஒண்ணும் இல்லை” என்று சார் வருத்தத்தோடு பில்டரிடம் சொன்னார்.

வாட்ச்மேன் எப்படியோ வரவழைத்த மெக்கானிக்குக்குக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கைபேசியைக் கேட்டார் பில்டர். உத்தரவின்போது அது காரில் இருந்ததால் காரிலேயே இருக்க வேண்டியதாயிற்று.

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. வளாகத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவையாகத் தொட்டி நிரம்பியது. நிரம்பி வழிந்தது. மொட்டைமாடியிலிருந்து படிக்கட்டு வழியாகத் தண்ணீர் ஒவ்வொரு மாடியாக இறங்கி வந்து விசாரித்தது. ஜெசிந்தா டீச்சர் வாசலில் குடை பிடித்து நின்றார். யாரும் குளிக்கவில்லை. உத்தரவின்போது யாரும் குளித்துக்கொண்டிருக்கவில்லை.

“ஒண்ணு நான் மோட்டாரை நிறுத்தணும், இல்லேன்னா நீங்க நிறுத்தணும்” என்று பில்டர் கத்தினார். “இந்தாங்க சாவி. இதுக்குத்தானே கேஸ் போட்டீங்க? எடுத்துக்குங்க.”

கம்பிகளுக்கு நடுவே சாவிக்கொத்து நீண்டது. மூவரும் ஓரடி பின்னால் போனார்கள்.

“ஆசை காட்டுறார்” என்றார் மொய்தீன் பாய், மழித்த பக்கக் கன்னத்தைத் தடவியபடி.

“அது உங்க கையில இருந்தது சார். உங்க கையிலதான் இருக்கணும்” என்றார் திருவேங்கடம் சார்.

பில்டர் கொத்தை வெளியே வீசி எறிந்தார். பாய் அதை இடுக்கியால் எடுத்து உள்ளே போட்டார். மறுபடி வீசினார். மறுபடி போட்டார். நாலைந்து தடவை ஆனதும் டீச்சர் ஒரு நைலான் கயிற்றைக் கொண்டுவந்தார். பில்டரைக் கையை நீட்டச் சொல்லி, அவர் ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று நீட்டியதும், சாவிக்கொத்தை அவர் மணிக்கட்டில் சேர்த்து இறுக்கக் கட்டிவிட்டார். கணக்கு டீச்சர் போட்ட முடிச்சு அவிழவே இல்லை.

மத்தியானம் பில்டர் பசிக்கிறது என்றார். இது பெரிய விவாதமாயிற்று. உத்தரவுக்குப் பிறகு லிப்டுக்குள் புதிதாக எதையும் சேர்க்கலாமா? திருவேங்கடம் சார்தான் வழி கண்டுபிடித்தார்.

“உத்தரவு வந்தப்ப உங்க வயிறு எப்படி இருந்துச்சு?”

“நல்லா நிறைஞ்சிருந்துச்சு சார். அப்பத்தான் இட்லியும் வடையும் சாப்பிட்டேன்.”

அப்படியானால் வயிறு காலியாவதுதான் அவமதிப்பு. உடனே இட்லியும் வடையும் கொண்டுவந்தார்கள். ராத்திரியும் இட்லி வடை. ஜெசிந்தா டீச்சர் வீட்டில் அன்று பிரியாணி. பில்டர் வாசனையை மட்டும் பார்த்தார்.

சாயங்காலம் கீழ்த்தொட்டி வற்றி மோட்டார் தானாக நின்றபோது மூவரும் பயந்துபோனார்கள். நாம் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது, ஆகவே அவமதித்தது மோட்டார்தான் என்று முடிவாயிற்று. மோட்டாரையும் வழக்கில் எதிராளியாகச் சேர்க்கலாமா என்று வக்கீலிடம் கேட்க நினைத்தார்கள். வக்கீலின் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் கோர்ட்டில் பில்டரின் பெயரைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. அவருடைய வக்கீல் முந்தின நாளிலிருந்து கட்சிக்காரரைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

“அவர் எங்கேயும் போகலைங்க அய்யா” என்றார் திருவேங்கடம் சார் பெருமையோடு எழுந்து. “எங்க லிப்ட்ல இருக்கார். நீங்க சொன்னபடி அப்படியே வச்சிருக்கோம்.”

நீதிபதி அவரைப் பார்த்தார். பிறகு பாதித் தாடியோடு நின்ற மொய்தீன் பாயைப் பார்த்தார். பிறகு ஒரு காலில் மட்டும் செருப்போடு சாட்சிக்கு வந்திருந்த நாத்தனாரைப் பார்த்தார். வக்கீல் பிரமிளா மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடினார். தேடி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பில்டரை உடனே வெளியே விட வேண்டும், பில்டர் சாவிகளை இவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், அசோசியேஷன் இனி குடியிருப்பவர்களுடையது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வளாகம் வெற்றிச் செய்தியோடு திரும்பியது. மெக்கானிக் வந்து லிப்டை இறக்கினார். கதவு திறந்ததும் மாசிலாமணி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஓடினார். தண்ணீரில் வழுக்கினார், எழுந்தார், பாதி திறந்த கேட்டில் நுழைந்து மறைந்தார். சாவிக்கொத்து மணிக்கட்டில் குலுங்கிக்கொண்டே போனது.

இருந்தாலும் அவர் கோர்ட்டுக்குப் பயந்தவர். கொல்லனிடம் போய் முடிச்சை அறுத்துக்கொண்டு, மறுநாளே சாவிகளைக் கூரியரில் அனுப்பிவிட்டார். நேரில் வர அவருக்கு மனசு வரவில்லை.

லூர்து பொட்டலத்தோடு வந்தார். திருவேங்கடம் சார் அதைப் பிரித்து, ஒவ்வொரு சாவியாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். பாய் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எந்தச் சாவியிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை.

“படிக்க ஒண்ணுமே இல்லையேப்பா” என்றார் சார். “படிக்காம எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

கையெழுத்து இல்லாமல் பொட்டலத்தைக் கொடுக்க லூர்துவுக்கு அனுமதி இல்லை. திருப்பி எடுத்துப்போனார். பில்டர் மறுபடி அனுப்பினார். லூர்து மறுபடி வந்தார்.

இப்போது தினமும் காலையில் வருகிறார். வந்த இடத்தில் சாவி அவர் கையில் இருப்பதால், அப்படியே மேலே போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். அவரும் போடுகிறார். தொட்டி பாதி நிரம்பியதும் நிறுத்துகிறார், மற்ற வீடுகளுக்கும் போக வேண்டுமே. முந்தாநாள் யாரோ அவரை முறைத்திருக்கிறார்கள். நேற்றுக் கால் தொட்டிதான்.

அசோசியேஷனை லூர்துவிடமிருந்து மீட்டுத் தரக் கோரும் மனு தயாராகிவிட்டது. வக்கீல் பிரமிளா கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார். திருவேங்கடம் சார் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.