ஆடு படுத்த பள்ளம்

“ஏனுங்க டீச்சர், எந்தப் படுபாவிங்க இங்க பள்ளம் தோண்டினது?”

மணல் பள்ளத்துக்குள் மார்பளவு ஆழத்தில் நின்று கத்தினார் சென்னியப்பன்.

கோயமுத்தூரில் அவர் மில் முதலாளி. அறுபது வயசில் கோல்ஃப் பித்துப் பிடித்து, தன் வயசில் பாதிகூட இல்லாத நித்திலாவிடம் சிஷ்யராகச் சேர்ந்தவர். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் நூற்றாண்டுகள் கண்ட மைதானம் ஒன்று உண்டு. அதில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்று டீச்சரையும் கூட்டிக்கொண்டு வந்தே விட்டார்.

வந்தவர் சும்மா இருந்தாரா? காலையில் முதல் பந்தை வைக்கும்போதே சபதம் போட்டார்.

“இன்னைக்கு இந்த மைதானத்தை ஜெயிக்கலீன்னா, மட்டையைக் கடல்ல வீசிப்போட்டு ஊருக்குப் போயிருவேனுங்க. அப்புறம் தொடவே மாட்டேன்.”

“கடல் எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டாள் நித்திலா.

“அது கெடக்குதுங்க எங்கியோ. கொடி எங்க, அதைச் சொல்லுங்க.”

அதற்கப்புறம் அவர் கண், பந்து போய்ச் சேரவேண்டிய குழியில் நட்டிருந்த அந்தக் கொடியை விட்டு நகரவில்லை. எதிர்க்காற்றில் பந்து தடுமாறி இந்தப் பள்ளத்தில் விழும்வரை.

கொடிப் பக்கம் செங்குத்தாகப் புல்சுவர். ஓங்கி அடித்தார். பந்து சுவரில் முட்டிக் காலடிக்கே திரும்பியது. மறுபடி அடித்தார். மறுபடியும் காலடி. சபதம் அவ்வளவுதான், போச்சு. அந்தப் பெரிய மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“யாரும் தோண்டலை, ஐயா. அந்தக் காலத்துல இங்க மேஞ்ச ஆடுங்க, குளிர்காத்து தாங்காமப் படுத்துப் படுத்து உண்டான பள்ளம்னு சொல்வாங்க.”

“ஆடுங்களா?”

“உக்காந்து பாருங்க.”

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார்.

காற்று நின்றது.

விடிந்ததிலிருந்து காதைப் பிய்த்த காற்று அது. சுவருக்கு மேலே புல் இன்னும் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் மூச்சு அவருக்கே கேட்டது. அடேயப்பா! எத்தனை காலமாக, எத்தனை உயிர் இங்கே ஒண்டிக் கிடந்திருக்கும்! அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

உள்ளங்கையை மெதுவாக மணலில் வைத்தார். பந்து கிடக்கும்போது மணலைத் தொட்டுப் பார்ப்பது ஆட்ட விதிப்படி தப்பு. நித்திலா கண்டுகொள்ளவில்லை.

“டீச்சர்.” குரல் இறங்கியிருந்தது. “எப்படிங்க வெளிய போறது?”

“ஆடு எப்படிப் போச்சு?”

திரும்பிப் பார்த்தார். கொடிக்கு நேரெதிர்ப் பக்கம், பள்ளம் சரிவாக ஏறிப் புல்லோடு கலந்தது.

“கொடிக்கு முதுகைக் காட்டிட்டுங்களா?”



எழுந்தார். கொடிக்கு முதுகைக் காட்டி நின்று மெல்லத் தட்டினார். பந்து அலட்டிக்கொள்ளாமல் எழும்பி வெளியே போனது. எங்கே விழுகிறது என்று பார்க்கத் தலையைத் தூக்கினார்.

தூக்கிய தலை இறங்கவில்லை.

வானம் தொடுமிடம் வரைக்கும் கடல்.

“டீச்சர்… எத்தாப் பெருசுங்க!”

“காலையிலிருந்து அங்கேதான் இருக்கு,” என்றாள் நித்திலா. “மட்டையை வீசணும்னீங்களே?”

சென்னியப்பன் கண்ணை எடுக்கவில்லை.

“கொஞ்சம் இருங்க டீச்சர். பாத்துக்கறேன்.”