முதலாளிக்கென்று ஒரு பட்டன்

சங்கரலிங்கம் முதலாளியின் கை எந்தப் பட்டனையும் ஒரு தடவையோடு விட்டு அறியாது. அழைப்பு மணியைக்கூட நாலு தடவை அமுக்கினால்தான் தாம் முதலாளி என்று அவருக்கே நம்பிக்கை வரும்.

அவருடைய அரிசி ஆலையில் எலக்ட்ரீசியன் வடிவு புதுப் பட்டன் வைத்தாள். ஒரு தடவை அமுக்கினால் ரிலே என்னும் மின்சுவிட்ச் மோட்டாரை ஓட விடும். மறு தடவை அமுக்கினால் நிறுத்தும். சம்பந்தியைக் கூட்டிவந்து முதலாளி நாலு தடவை அமுக்கினார். மோட்டார் உறுமியது, அடங்கியது. மறுபடி உறுமியது, அடங்கியது. சம்பந்தி சிரித்துவிட்டார்.

“ஏட்டி வடிவு! என்ன எழவைச் செஞ்சு வச்சிருக்க?”

“ஒரு தடவை மட்டும் அமுக்குங்க முதலாளி, ஓடும்.”

“எனக்கே பாடமா? நான் எத்தனை தடவை அமுக்கினாலும் ஓடணும். சாப்பிட்டு வாறதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வேலையை விட்டுப் போயிரு.”

“அப்படியே செஞ்சிருதேன்.”

சாப்பிட்டு வந்து அமுக்கினார். மோட்டார் ஓடியது. மேலும் மேலும் அமுக்கினார். நிற்கவில்லை.

“பாத்தியளா சம்பந்தி? அதட்டினாத்தான் வேலை நடக்கும்!”

“சரி, நிறுத்துங்க பாப்போம்.”

அமுக்கினார். குத்தினார். மோட்டார் அது பாட்டுக்கு ஓடியது.

“அதுல வயரே கிடையாது முதலாளி,” என்றாள் வடிவு. தூணுக்குப் பின்னால் இருந்த இன்னொரு பட்டனை ஒரு தடவை அமுக்கினாள். மோட்டார் நின்றது. “நீங்க அதை அமுக்கினப்போ இதை அமுக்கி ஓட விட்டதும் நான்தான். எத்தனை தடவை அமுக்கினாலும் ஓடணும்னு சொன்னிய. அதான் உங்களுக்குன்னு அது. ஆலைக்கு இது. இப்பச் சொல்லுங்க, போகவா, இருக்கவா?”

“போறதுன்னா நம்ம ஆலைக்கு வந்திரும்மா,” என்றார் சம்பந்தி.

“இரு,” என்றார் முதலாளி, சுவரைப் பார்த்து.