துறப்பதற்கு ஒரு கொடிக்கால்

"அம்மா, எனக்குத் துறவு கொடுங்க" என்றார் மாசிலாமணி.

கோமதியம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுக்கு?"

"எல்லாம் போச்சு."

"சொல்லுங்க அண்ணா."

மாசிலாமணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. குன்றின் மேல் ஒரு சின்ன மடத்தில் தனியாக இருந்தார். கீழே ஊரிலிருந்து வயதில் மூத்தவர்களும் ஏறி வந்து, மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் போவார்கள். மாசிலாமணி அவரைக் குருவாகவே வரித்துக்கொண்டவர்.

அவர் சொன்னார்.

வெற்றிலை பயிரிடுகிற குடும்பம். அகத்தி வரிசை வரிசையாக நிற்கும். அதன்மேல் கொடி ஏறும். அதுதான் கொடிக்கால். முதலில் வாடல் நோய் வந்தது. கொடிகள் நின்ற நிலையிலேயே கறுத்தன. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். நிலத்தை ஆறவிட்டு மறுபடி வைத்தார்.

இரண்டாவது தடவை இலை கைப்பிடிக்கு அடங்காமல் வந்தது. கிள்ள ஆரம்பிக்கும் நேரத்தில் மழை. தண்ணீர் உள்ளே புகுந்தது, வடியவே இல்லை. வேர் அழுகியது.

"அந்த நாத்தம் இன்னும் மூக்கிலயே நிக்குது அம்மா. சோத்துல கை வச்சா வருது."

அம்மை கீரையை ஒதுக்கி வைத்தார்.

"இப்ப நிலத்துல என்ன இருக்கு?"

"களை."

"வீட்டுல?"

"உலகம்மா இருக்கா."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா, துறவுக்குப் போறேன்னு?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"மடத்துல சாப்பாடு எப்படின்னு கேட்டா."

அம்மை சிரித்துவிட்டார். பிறகு அவரை நேராகப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லைங்கிறீங்க. எதை அண்ணா துறப்பீங்க?"

அம்மை மறுபடி கீரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு கொடிக்கால் வைங்க. நல்லா வரட்டும். அப்புறம் வாங்க. துறவு தர்றேன்."

"மறுபடியும் அழுகிப் போச்சுன்னா?"

"இன்னொண்ணு வைங்க. துறக்க ஏதாவது வேணுமே."

மாசிலாமணி கும்பிடாமலே எழுந்து இறங்கினார்.

வீட்டில் அவர் மனைவி உலகம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"என்ன, சேர்த்துக்கிடலையா?"

நடந்ததைச் சொன்னார். உலகம்மாள் அரிசிப் பானையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"சிரிக்காத. நான் நிசமாத்தான் போகப்போறேன்."

"போங்க. யாரு வேண்டாம்னா? அகத்தி விதை வாங்கிட்டு வரவா?"

தை மாதம் அகத்தி விதைத்தார். கோபத்தோடுதான் விதைத்தார். விடுவதற்காக ஒன்றை வளர்ப்பது என்ன பிழைப்பு என்று மண்வெட்டியிடம் கேட்டுக்கொண்டே பாத்தி பிடித்தார்.

அகத்தி முழங்கால் உயரம் தாண்டியது. இனி நடுவதற்குக் கொடி வேண்டும். பக்கத்துக் கொடிக்கால்காரரிடம்தான் கேட்க வேண்டும். இரண்டு தடவை தோற்றவன், அவர் வாசலில் போய் எப்படி நிற்பது?

'எப்படியும் விடப்போறதுதானே' என்று சொல்லிக்கொண்டார்.

வெட்கம் வரவில்லை. போய்க் கேட்டார். அவர் ஒரு கட்டுக் கொடியும், ஒரு மணி நேரம் புத்திமதியும் கொடுத்தார். மாசிலாமணி இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

பங்குனியில் நட்டார்.

முன்பெல்லாம் மேற்கே ஒரு துண்டு மேகம் தெரிந்தால் அவர் ராத்திரியெல்லாம் வாசலில் உட்கார்ந்திருப்பார். ஓர் இலையில் புள்ளி விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. இந்தத் தடவை புள்ளி விழுந்த இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு அடுத்த கொடிக்குப் போனார். எப்படியும் விடப்போவதுதானே.

படுத்தால் தூக்கம் வந்தது.

ஆடிக்காற்றில் சில அகத்திகள் சாய்ந்தன. முட்டுக் கொடுத்து நிறுத்தினார். அதை உலகம்மாளிடம் சொல்லக்கூட இல்லை. அவளாகத்தான் பார்த்தாள்.

"மரம் சாஞ்சிருக்கே?"

"நிமிர்த்திட்டேனே" என்றார்.

ஐப்பசி பிறந்தபோது கொடி அவர் தலைக்கு மேலே போயிருந்தது. மாசிலாமணி குன்றேறினார்.

"அம்மா, வந்துட்டேன்."

"எப்படி இருக்கு?"

"இருக்கு" என்று தொடங்கினார். கிழக்கு வரிசையில் இலை கொஞ்சம் சின்னது, காரம் அதிகம். வாய்க்கால் ஓரத்தில் இருப்பது எண்ணெய் பூசியது மாதிரி மினுங்குகிறது. காலையில் உள்ளே நுழைந்தால் ஒரு குளிர்ச்சி. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் அது போகாது. மேற்கு மூலையில் ஒரு கொடி, வைத்தபோது செத்துவிட்டது என்று நினைத்தது, இப்போது எல்லாவற்றையும் விட உயரமாக…

அம்மை உலை வைத்தார். வடித்தார். குழம்பு கொதித்து இறங்கியது. மாசிலாமணி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

சாப்பிட வாழையிலை போட்டபோதுதான் நிறுத்தினார்.

"சரி, துறந்துடலாமா?" என்றார் அம்மை.

மாசிலாமணி கையில் எடுத்த சோற்றை ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார்.

"துறந்துடலாம்."

"நாளைக்கு நானே கீழே வர்றேன். என்னன்னு பார்க்காம எதையும் நான் விடச் சொல்றதில்லை."

மறுநாள் காலை அம்மை வந்தார். கொடிக்காலுக்குப் புறப்படுவதற்குள் வானம் இருட்டியது. மழை பிடித்துக்கொண்டது. காற்றும் சேர்ந்துகொண்டது. மூவரும் வீட்டு வாசற்படிக்குள் நின்று பார்த்தார்கள். எதிர் வீட்டுக் கூரைத் தகரம் ஒன்று பறந்து தெருவில் விழுந்தது.

மாசிலாமணி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"நாத்தம் வருதா அண்ணா?" என்று அம்மை மெல்லக் கேட்டார்.

"வருது."

"உங்களுக்கு என்ன கவலை? விடத்தானே போறீங்க?"

அவர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டார்.

உலகம்மாள் அரிவாளை எடுத்தாள். அம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனார்.

கொடிக்காலில் கணுக்கால் வரை தண்ணீர். வெளியே போகிற வாய்க்காலின் வாயில் ஒரு முள்மரம் விழுந்து அடைத்திருந்தது. உலகம்மாள் கிளைகளைத் தறித்தாள். அம்மை அவற்றை இழுத்துக் கரையில் போட்டார். கையெல்லாம் முள் கிழித்தது. மாசிலாமணி கரையை வெட்டினார். வெட்டிய இடத்தில் மண் சரிந்து மூடியது. மறுபடி வெட்டினார். மறுபடி மூடியது.

"இன்னும் அந்தப் பக்கமா வெட்டுங்க" என்று உலகம்மாள் கத்தினாள்.

அந்தப் பக்கமாக வெட்டினார். தண்ணீர் ஒரு முறை தயங்கியது போல் இருந்தது. பிறகு உடைத்துக்கொண்டு ஓடியது.

மதியம் தாண்டி மழை விட்டது.

கிழக்குப் பாதி நின்றது. மேற்குப் பாதியில் அகத்தி சாய்ந்து, கொடியெல்லாம் சேற்றில் கிடந்தது. உயரமாக இருந்த அந்தக் கொடியும் அங்கேதான் எங்கேயோ கிடந்தது.

மாசிலாமணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உலகம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். போன தடவை, இதே கரையில், அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்தான். பொழுது சாய்ந்து அவள் வந்து கூப்பிடும் வரை எழுந்திருக்கவில்லை.

மாசிலாமணி குனிந்தார். ஒரு கொடியை எடுத்து வேட்டியில் துடைத்தார். கணுவை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை.

"உலகம்மா, கட்டுறதுக்குக் கோரை கொண்டா. வேர் அறுந்துபோகாதது எல்லாத்தையும் நிக்கிற மரத்துல ஏத்திடலாம்."

"எவ்வளவு கொண்டாறது?"

"இருக்கிறது எல்லாம்."

அவள் ஓடினாள்.

அவர் அடுத்த கொடியை எடுத்தார். துடைத்தார். கீறினார். அது கறுத்திருந்தது. கரையில் வீசிவிட்டு, அதற்கு அடுத்ததற்குப் போனார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பாட்டு மாதிரி இருந்தது.

கோமதியம்மை சேறு படிந்த சேலையைச் சரிசெய்துகொண்டு அவர் அருகில் வந்து நின்றார்.

"அண்ணா, பார்த்துட்டேன். துறவு தர்றேன்னு சொல்லியிருந்தேன். இப்பவே வாங்கிக்கிறீங்களா?"

மாசிலாமணி நிமிரவில்லை.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கொடிய மிதிக்கிறீங்க."

அம்மை கீழே பார்த்தார்.

காலை எடுத்துக்கொண்டார்.