அழிக்கச் சொன்ன குரல்

லோகநாயகிக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. வந்தாள், செருப்பைக் கழற்றினாள், ஃபைலைத் திறந்தாள், கேட்டுவிட்டாள்.

“சாமி, ஒரு பேச்சு யாருக்குச் சொந்தம்? பேசினவருக்கா, கேட்டவங்களுக்கா?”

சாமி வாசலில் குத்தவைத்து, சைக்கிள் டியூபைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பஞ்சர் தேடிக்கொண்டிருந்தார். நாற்பத்துநாலு வயது. காவி இல்லை, தாடி இல்லை. ஐடிஐ-யில் ஃபிட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேர் கேட்க ஏதோ பேசப்போய், நாலு நாற்பதாகி, நாற்பது நானூறாகி, இப்போது கல்யாண மண்டபம் பிடிக்க வேண்டியிருக்கிறது. லோகநாயகி அவரைவிடப் பதிமூன்று வயது மூத்தவள். இருந்தாலும் சிஷ்யை அவள்தான்.

“எதுக்கும்மா கேக்கீங்க?”

“முதல்ல பதில் சொல்லுங்க. அப்புறம் எதுக்குன்னு கேளுங்க.”

சாமி சிரித்தார். குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். “நீங்களே சொல்லுங்க. சட்டம் உங்க வீட்லதான குடியிருக்கு.”

லோகநாயகியின் வீட்டுக்காரர் வக்கீல். தென்காசி கோர்ட்டில் அவர் வாதாடுவதைவிட வீட்டில் இவள் வாதாடுவது அதிகம்.

“பேசினவருக்குத்தான். நீங்க எழுதிக் குடுத்துட்டதால நம்ம டிரஸ்டுக்கு. அனுமதி இல்லாம எவன் காப்பி எடுத்தாலும் அது திருட்டு. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“அப்ப எதுக்கு என்கிட்ட கேட்டீங்க?”

“நீங்க வாயைத் திறந்து ஒரு தடவை சொன்னா ஊருக்கு உறைக்கும்ல!”

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு யூடியூப்காரன் சாமி பேச்சுக்கு நடுவே மூட்டுவலித் தைல விளம்பரத்தைச் சொருகியிருந்தான். மனசு எங்கே இருக்கிறது என்று சாமி கேட்பார். அடுத்த நொடி ஒருவன் முழங்காலைத் தேய்ப்பான். யாருக்குத்தான் கொதிக்காது? ஆனால் லோகநாயகி அவனோடு நிறுத்தவில்லை. சாமி பேச்சை எங்கெங்கே எவரெவர் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, பதினேழு பேருக்கு நோட்டீஸ் அனுப்பினாள். வாசகம் அவளுடையது. லெட்டர்பேடு வீட்டுக்காரருடையது. கையெழுத்து சாமியுடையது.

“பதினாலு பேர் அழிச்சாச்சு. மூணு பேர் மூச்சே விடல. அவங்களுக்கு ரெண்டாவது நோட்டீஸ். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு.”

“கை ஈரமா இருக்கு.”

“துடைச்சிட்டுப் போடுங்க.”

சாமி துண்டைத் தேடினார். அதற்குள் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

ஐம்பது வயது இருக்கும். புகையிலைத் தூள் ஏறி விரல்நுனியெல்லாம் பழுப்பு. பீடி சுற்றுகிற கை. அந்தக் கையில் ஒரு பட்டன் போன்.

“சாமி, நல்லாருக்கியளா? நான் மாடத்தி. லோடுமேன் சுடலை வீடு.”

சாமி எழுந்தார். “தெரியும்மா. சுடலை தவறிப்போன அன்னைக்கு வந்திருந்தேனே. உட்காருங்க.”

மாடத்தி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “அந்தக் குறட்டைப் பேச்சு ஒண்ணு வேணும் சாமி.”

“குறட்டைப் பேச்சுன்னு ஒண்ணு கிடையாது,” என்றாள் லோகநாயகி. “‘உறக்கமும் விழிப்பும்’. முப்பத்திரண்டாவது பேச்சு. ஆப்ல இருக்கு. போன்ல இறக்கிக்க வேண்டியதுதானே?”

“இதுல அதெல்லாம் ஏறாதும்மா.”

“சரி, இங்கயே கேட்டுட்டுப் போ.”

லோகநாயகி தன் போனில் போட்டாள். சாமியின் குரல் கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி வந்தது. ஒரு இருமல் இல்லை, ஒரு நாற்காலி கிறீச்சிடவில்லை. அத்தனையும் அவள் கைவேலை. லேப்டாப்பில் வெட்டி ஒட்ட இந்த வயதில் தானாகவே கற்றுக்கொண்டவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மாடத்தி கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு தயங்கிச் சொன்னாள். “கடைசிப் பக்கம் போடுங்கம்மா. அவுக கேக்குத இடம்.”

“எவுக?”

“எங்க வீட்டுக்காரவுகதான். பேச்சு முடிஞ்சதும் எந்திரிச்சு நின்னு கேட்டாகள்லா. ‘சாமி, குறட்டை விடுதவனுக்கு மோட்சம் உண்டுமா? எம் பொண்டாட்டி கிடையாதுங்கா’ன்னு. மண்டபமே சிரிச்சுது. நான் முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டேன். மானம் போச்சு போங்க.”

சாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “‘பக்கத்துல படுத்து அதைக் கேட்டுக்கிட்டே கிடக்காங்களே, மோட்சம் முதல்ல அவங்களுக்கு’ன்னு சொன்னேன்.”

“ஆமா சாமி! அதுக்கு அவுக ஒரு சிரிப்பு சிரிச்சாக பாருங்க.” மாடத்தி போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “போட்டோ நாலஞ்சு இருக்கு. குரலு அது ஒண்ணுலதான் இருக்கு.”

லோகநாயகியின் கட்டைவிரல் திரையில் அப்படியே நின்றது.

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு மத்தியான நேரம். காதில் ஹெட்போன். குழந்தை அழுததை வெட்டினாள். மண்டபத்து அடுப்படியில் குக்கர் விசில் அடித்ததை வெட்டினாள். அப்புறம் அந்தக் கரகரத்த குரல் வந்தது. என்ன கேள்வி இது, எந்த இடத்தில் எதைக் கேட்பது என்று முகத்தைச் சுளித்தாள். கேள்வி, சிரிப்பு, சாமி சொன்ன பதில், அதற்கு வந்த சிரிப்பு, எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடித்து வெட்டினாள். ரிக்கார்டரில் இடம் போதவில்லை என்று மூலப் பதிவையும் அன்றைக்கே அழித்தாள்.

“போடுங்கம்மா,” என்றாள் மாடத்தி.

போட்டாள். வேறென்ன செய்ய?

சாமியின் குரல் “வணக்கம்” என்று முடிந்தது. வீணை ஒலித்தது. வீணைக்கு மேலே ஒரு பெண் குரல், கான்வென்ட் மேடையில் ஒப்பிப்பதுபோல, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னது: “இந்தப் பதிவின் முழு உரிமையும் அறக்கட்டளையைச் சேர்ந்தது. அனுமதியின்றிப் பிரதி எடுப்பது குற்றம்.”

மாடத்தி சாமியைப் பார்த்தாள். “இது யாரு பேசுதது?”

சாமி துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

“நான்தான்,” என்றாள் லோகநாயகி.

“அவுக எங்கம்மா?”

“அது வந்து… டெக்னிக்கல் பிராப்ளம். சில இடம் சரியாப் பதிவாகல.”

பொய் சுத்தமாக வந்தது. அதுவும் கழுவித் துடைத்துத்தான் வந்தது. சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். அவளுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது.

“அப்படி இருக்காதும்மா,” என்றாள் மாடத்தி, லோகநாயகிக்குச் சமாதானம் சொல்வதுபோல. “பஸ் ஸ்டாண்டுல மீரான் பாய் இருக்காருல்லா, போன் கடை? அன்னைக்கு அவரும் வந்து முன்னால உட்கார்ந்து போன்ல பிடிச்சாரு. எனக்கு மெமரி கார்டுல ஏத்திக் குடுத்தாரு. பீடி சுத்தும்போது போட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். போன மாசம் வீட்டுக்கு வந்து, ‘அக்கா, கார்டைக் குடுங்க, நோட்டீஸ் வந்திருக்கு, அழிக்கணும்’னாரு.”

“குடுத்துட்டீங்களா?” சாமிதான் கேட்டார்.

“எனக்கு மனசே இல்ல சாமி. ஆனா பாய்க்கு ரெண்டும் பொட்டப் பிள்ளைய. என் ஒருத்தியால அவரு கோர்ட்டு வாசல்ல போய் நிக்கணுமா? குடுத்துட்டேன். அழிச்சுட்டு வெறுங் கார்டைத் திருப்பித் தந்தாரு. அவருதான் சொன்னாரு, ‘பேச்சுக்குச் சொந்தக்காரங்ககிட்ட அசல் இருக்கும், போய்க் கேளுங்க, உங்களுக்குன்னா தராமலா போயிருவாக’ன்னு. அதான் வந்தேன்.”

லோகநாயகி சட்டென்று எழுந்தாள். “நீங்க உட்காருங்க. நான் பாய் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேன்.”

‘நீ’ எப்போது ‘நீங்க’ ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

“அவருதான் அழிச்சிட்டாரேம்மா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. யாராவது முழுசா அழிப்பாங்களா? எங்கயாவது ஒண்ணு ஒளிச்சு வச்சிருப்பாரு. எனக்குத் தெரியாதா இவங்களை!”

“நானும் வாரேன்,” என்றார் சாமி.

சைக்கிள் டியூப் வாளியில் கிடந்ததால் நடந்தே போனார்கள். லோகநாயகி மனசுக்குள் வேண்டிக்கொண்டே நடந்தாள். அந்த ஆள் திருடனாக இருக்க வேண்டும். பொய் சொல்லியிருக்க வேண்டும். நோட்டீஸைக் கசக்கி எறிந்திருக்க வேண்டும். கும்பிட்டுக் கேட்டாள். ஐம்பத்தேழு வருஷத்தில் இப்படி ஒரு வேண்டுதலை அவள் எந்தச் சாமியிடமும் வைத்ததில்லை.

மீரான் பாய் இவர்களைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். முகம் வெளிறிவிட்டது. “வாங்க மேடம். சாமி, வாங்க. நீங்களே பார்த்துக்கலாம்.” கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். “முப்பத்தொரு பேருக்கு ஏத்திக் குடுத்திருந்தேன். வீடு வீடாப் போய் அழிச்சாச்சு. ரெண்டு பேர் துபாய்ல. போன் போட்டு, கண்ணு முன்னால அழிக்க வச்சேன், வீடியோ கால்ல.”

“ஒண்ணுகூட வச்சுக்கலயா?”

“இல்ல மேடம்.”

“பென் டிரைவ்ல? வீட்ல யாராவது போன்ல?”

“சத்தியமா இல்ல மேடம்.”

“நீங்க பதிவு பண்ணின போன்?”

“அதையும் உடைச்சிட்டேன்.” பாயின் குரல் இறங்கியது. “சந்தேகமா இருந்தா வீட்டையும் வந்து பாருங்க. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிருக்கு, இப்பவே வாங்க.”

“ஐயோ, சோதனை போட வரல பாய்! ஒண்ணு இருந்தா நல்லாருக்குமேன்னு கேக்கறேன்.”

பாய்க்குப் புரியவில்லை. அவளைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். இது புது மாதிரிப் பொறியோ என்று யோசிப்பது அவர் கண்ணில் தெரிந்தது.

“இருந்தா நல்லாருக்குமா? எந்த ரூபத்திலும், எந்தக் கருவியிலும் வச்சிருக்கக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் எழுதியிருந்தீங்க? எனக்கு அந்தத் தமிழ் விளங்கல. என் மூத்த மகதான் ரெண்டு தடவை வாசிச்சு அர்த்தம் சொன்னா. ‘எந்தக் கருவியிலும்னா போனும் சேர்த்திதான் வாப்பா’ன்னா. அதான் உடைச்சேன்.”

லோகநாயகிக்கு அந்த வரி நினைவிருந்தது. எழுதி முடித்து, வீட்டுக்காரரிடம் உரக்க வாசித்துக் காட்டிய வரி. ‘ஓட்டையே இல்லாம எழுதியிருக்கே’ என்று அவர் மெச்சிய வரி.

“வேற யாரு சொல்லியிருந்தாலும் ஒண்ணை ஒதுக்கி வச்சிருப்பேன் மேடம், பொய் சொல்ல மாட்டேன்,” என்றார் பாய். “இந்தத் தொழில்ல அப்படித்தான். ஆனா கீழ சாமி கையெழுத்து இருந்துச்சு. சாமியே வேண்டாம்னு சொல்லுதாருன்னா நாம என்ன கேக்கறது?”

சாமி தலையைக் குனிந்துகொண்டார். “படிக்காமப் போட்டேன் பாய்.”

“டீ சொல்லட்டுமா?” என்றார் பாய்.

இருவரும் டீ குடிக்கவில்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் லோகநாயகி நின்றாள்.

“சாமி, அந்தக் கேள்வியை வெட்டினது நான்தான். டெக்னிக்கல் பிராப்ளமும் இல்ல, மண்ணும் இல்ல. தரம் இல்லன்னு வெட்டினேன். அசலையும் நான்தான் அழிச்சேன்.”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“வீணை கேட்டுச்சுல்ல, அப்ப.”

“அங்கயே கேட்டிருக்கலாமே. ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாமே.”

“நீங்க சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

எந்தப் பேச்சுக்கும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கிறவள், செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

தெருமுனை திரும்பியதுமே மாடத்தி இவர்களைப் பார்த்துவிட்டாள். பெஞ்சிலிருந்து எழுந்தாள். போனின் பின்மூடியைக் கழற்றி, நகம் அகலமே இருக்கும் அந்தக் கார்டை எடுத்து, உள்ளங்கையில் தயாராக வைத்திருந்தாள்.

லோகநாயகிக்குக் கேட்டைத் தாண்டக் கால் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“சாமி, நீங்க சொல்லிடுங்க,” என்றாள், உள்ளே கேட்காத குரலில். “நீங்க பக்குவமாச் சொல்வீங்க. உங்க வாயால கேட்டா அவங்க தாங்கிக்குவாங்க. எனக்கு வாய் வரல சாமி.”

சாமி கேட்டைத் திறந்து, அவள் முன்னால் போகும்படி ஒதுங்கி நின்றார்.

“இது என் பேச்சு இல்ல, லோகாம்மா,” என்றார். “உங்க பேச்சு.”