கப்பல்ல தச்ச பூ ஜடை

ஒரு ஊர்ல ஒரு பூ ஜடை தைக்கிற அக்கா இருந்தாங்க. ஊரு நிலக்கோட்டை, பேரு சுந்தரவல்லி. போர்வையை இழுத்துக்கோ கண்ணு. நீ "ம்" சொல்லணும், சரியா? ம் நின்னா அத்தையும் நிறுத்திடுவேன்.

ம்... அந்த அக்கா என்ன பண்ணுவாங்க? கல்யாணப் பொண்ணுக்கு நீளமா பின்னி, அந்தப் பின்னல் மேலயே மல்லி மொட்டு, கனகாம்பரம், ரோஜா இதழ்னு ஊசியால வரிசை வரிசையா தச்சு விடுவாங்க. முழுசா தைக்க ஒரு மணி நேரம் ஆகும். பாத்தவங்க வாய பொளப்பாங்க.

அப்போ ஒரு நாள் ட்ரிங் ட்ரிங்னு போன். சென்னையில இருந்து கோமளான்னு ஒரு அம்மா. "என் பொண்ணு ஓவியாவுக்குக் கல்யாணம். மண்டபத்துல இல்லீங்க, கப்பல்ல! முதல் நாள் ஏறினா மறுநாள் காலையில நடுக்கடல்ல முகூர்த்தம். ஜடைக்கு நீங்க வந்தே ஆகணும்"ன்னாங்க. சுந்தரவல்லி அக்காவுக்குத் தலைகால் புரியல. அவங்க கடலையே பாத்ததில்லையே! பூவெல்லாம் ஐஸ் பெட்டியில அடுக்கிட்டுக் கெளம்பிட்டாங்க.

அப்புறம் துறைமுகத்துல போய் நின்னா, அடேயப்பா! கப்பலா அது? பத்து மாடி! உள்ள கடை, லிஃப்ட், நீச்சல் குளம். கப்பல்ல வேலை பாக்குறவரு ஒருத்தரு, தூத்துக்குடிக்காரரு, பேரு ஜெரோம், பெட்டியைத் தூக்கிட்டு வந்தாரு. வந்தவரு சொன்னாரு, "அக்கா, காலையில காத்துல கப்பல் ஆடும்னு சொல்றாங்க. சிலருக்குத் தலை சுத்தும். கப்பல் டாக்டரம்மாகிட்ட கேட்டு மாத்திரை வாங்கி இப்பவே போட்டுக்கோங்க. வாந்தி வந்தப்புறம் போட்டா மாத்திரையும் வெளிய வந்துடும்."

அக்கா சிரிச்சாங்க. "தம்பி, நான் மினி பஸ்ல நின்னுக்கிட்டே பூ கட்டினவ. எனக்கா தலை சுத்தும்?"

ம்? நீயும் அப்படித்தான் சொல்லியிருப்ப. அப்புறம் ஊஊஊம்னு சங்கு ஊதி கப்பல் கெளம்பிச்சு. அக்கா பரோட்டா தின்னாங்க, பூரி தின்னாங்க, மேல ஒரு ஐஸ்கிரீமும் தின்னுட்டுப் படுத்துட்டாங்க.

காலையில ஏழு மணி. முகூர்த்தம் ஒன்பதரைக்கு. அக்கா பெட்டியோட பொண்ணு ரூமுக்குப் போறாங்க, அப்போ பாத்து காத்து எந்திரிச்சுது. விஷ்ஷ்ஷ்! கப்பல் மெதுவா இந்தப் பக்கம் சாய்ஞ்சுது... அப்புறம் அந்தப் பக்கம் சாய்ஞ்சுது. உள்ள பாத்தா, கட்டில் ஓரத்துல ஓவியா, மூஞ்சி வெளிறிப்போய், "அக்கா, எனக்கு என்னவோ பண்ணுது"ங்குறா.

"ஒண்ணுமில்ல தாயி, உக்காரு"ன்னு அக்கா அவளைக் கண்ணாடி முன்னாடி உக்கார வச்சாங்க. அந்த ரூம் எங்க இருந்துச்சு தெரியுமா? கப்பலோட மூக்குக்கிட்ட, எட்டாவது மாடியில! கண்ணாடியில பாத்தா விளக்கு ஆடுது, திரை ஆடுது, பொண்ணு ஆடுறா. முதல் மொட்டு தச்சாங்க. ரெண்டாவது மொட்டு... வுவ்வே! ஓவியா பாத்ரூமுக்கு ஓடிட்டா. அக்கா சிரிக்கலாம்னு வாயத் திறந்தாங்க. திறந்த வாயில இருந்து வந்தது சிரிப்பு இல்ல. காலிப் பூப்பை ஒண்ணு கையில கெடச்சுது, பொழச்சாங்க!

சிரிக்காத, சிரிக்காத. தூக்கம் போயிடும்.

அப்போ கோமளாம்மா தடதடன்னு ஓடி வந்தாங்க. "வெறும் வயித்துல இருந்தா இப்படித்தான்"னு சொல்லி, நெய் சொட்டச் சொட்ட பொங்கலும் வடையும் கொண்டாந்து மூக்குக்கு நேரா நீட்டினாங்க. அந்த நெய் வாசனை இருக்கே! ஒரு வாய் வச்சா ஓவியா, ஒரு வாய் வச்சாங்க அக்கா. வுவ்வே, வுவ்வே! இப்போ ரெண்டு பேரும் கட்டில்ல சாய்ஞ்சு, ஒருத்தி கைய ஒருத்தி பிடிச்சுக்கிட்டு கெடக்குறாங்க. மணி எட்டேகால்!

கோமளாம்மா அழவே ஆரம்பிச்சுட்டாங்க. "ஜடை வேணாம், ஒண்ணும் வேணாம். எம்பொண்ணு எழுந்து நின்னா போதும்."

"வேணும்மா"ன்னு ஓவியா முனகினா. "சின்னப் பிள்ளையில இருந்து ஆசைப்பட்டேன்."

அதைக் கேட்டதும் அக்கா எந்திரிச்சுட்டாங்க. செவுத்தப் பிடிச்சுக்கிட்டே வெளிய வந்து, "ஜெரோம் தம்பி!"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க பாரு, அவரு ஓடி வந்தாரு. "நேத்து நீங்க சொன்னதை நான் கேக்கல. இப்ப சொல்லுங்க, அப்படியே கேக்குறேன்."

ஜெரோம் சொன்னாரு, "பார்க்ல சீசா பலகை ஆடும்போது நுனியில உக்காந்தவங்கதான் மேல போய் கீழ வருவாங்க. நடுவுல இருந்தா ஆட்டம் கம்மி. கப்பலும் அப்படித்தான். நடுப்பக்கம், கீழ்த்தளம், வெளிக்காத்து. வாங்க!"

அப்புறம் ஊர்வலம்தான்! முன்னாடி ஜெரோம் பூப்பெட்டியோட, நடுவுல பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு பொண்ணு, பின்னாடி அக்கா வாயில ஊசி நூலோட, கடைசியில கோமளாம்மா பாயைத் தூக்கிக்கிட்டு. டக்டக்டக்னு படி இறங்கி, நடுவுல இருக்குற திறந்த தளத்துக்கு வந்தாங்க. ஜிலுஜிலுன்னு காத்து! ஜெரோம் ஆளுக்கொரு துண்டு இஞ்சி மொரப்பா கொடுத்தாரு, உப்பு பிஸ்கட் கொடுத்தாரு, தண்ணியை மடக்கு மடக்கா குடிக்கச் சொன்னாரு. அப்புறம் கைய நீட்டி, "அதோ, வானமும் கடலும் ஒட்டுற கோடு. அது ஆடாது. அதை மட்டும் பாருங்க"ன்னாரு.

பாத்தா ஓவியா. ஒரு நிமிஷம்... அஞ்சு நிமிஷம்... கன்னத்துல கொஞ்சம் கொஞ்சமா செவப்பு திரும்பிச்சு! "அக்கா, தைங்க!"

அக்கா குனிஞ்சாங்க. ஜடையைப் பாத்த உடனே வயிறு குபுக்! நிமிந்து கோட்டைப் பாத்தா சரியாகுது. திரும்பக் குனிஞ்சா குபுக்! பொண்ணு கோட்டைப் பாக்கலாம். தைக்கிறவ ஜடையைத்தானே பாக்கணும்? மணி எட்டரை தாண்டிடுச்சு.

என்ன பண்ணியிருப்பாங்க சொல்லு? ம்?

அக்கா கோட்டையே பாத்தாங்க! கண்ணை அங்க வச்சுட்டு, கையை ஜடையில விட்டாங்க. பெட்டிக்குள்ள விரலை விட்டா, கெட்டியா சில்லுன்னு இருந்தா மல்லி மொட்டு. காகிதம் மாதிரி லேசா இருந்தா கனகாம்பரம். வழுவழுன்னு இருந்தா ரோஜா. எடு, கோத்துக்கோ, இழு! எடு, கோத்துக்கோ, இழு! ஊசி விரல்ல குத்துது, ஸ்ஸ்னு உறிஞ்சிக்கிட்டு அடுத்த மொட்டு. சுத்திக் கூட்டம் கூடிடுச்சு. அப்போ பெரிய அலை ஒண்ணு, டமால்! பூப்பெட்டி சர்ர்ர்னு ஓட, கோமளாம்மா பாயோட பாய்ஞ்சு விழுந்து பிடிச்சாங்க! கூட்டமே கை தட்டுச்சு. அக்கா மட்டும் திரும்பவே இல்ல.

ஒன்பது இருபதுக்குக் கடைசி முடிச்சு. அப்புறம்தான் அக்கா ஓரக்கண்ணால பாத்தாங்க. ஐயோ! கனகாம்பர வரிசை நேரா இல்ல. வளைஞ்சு வளைஞ்சு போயிருக்கு. "பிரிச்சுடவா தாயி?"ன்னு கேட்டாங்க. ஓவியா போன்ல பின்பக்கம் படம் எடுக்கச் சொல்லி ஒரே ஒரு தடவை பாத்தா. "அக்கா, கடலே ஏறி உக்காந்திருக்கு! யாரும் தொடக் கூடாது"ன்னா.

அப்போ மேல இருந்து மாப்பிள்ளை வந்தாரு பாரு, பேரு இளம்பரிதி. ரெண்டு பேரு தோள்ல சாய்ஞ்சு, கையில எலுமிச்சம்பழம்! பின்னாடி அதே மாதிரி ஐயரு! ஓவியாவுக்குச் சிரிப்பு தாங்கல. "மேல மேடைக்குப் போக வேணாம், இங்கேயே உக்காருங்க. அந்தக் கோட்டைப் பாருங்க"ன்னா. ஐயரு கோட்டைப் பாத்து மந்திரம் சொன்னாரு. மாப்பிள்ளை கோட்டைப் பாத்துக்கிட்டே தடவித் தடவித் தாலி முடிச்சு போட்டாரு. எல்லாரும் அட்சதை போட, பீப்பீ டும்டும்னு மேளம் கொட்ட, கப்பல் ஊஊஊம்னு சங்கு ஊத, கோமளாம்மா அக்காவைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க.

அப்போ பொண்ணு மெதுவா அக்கா காதுக்கிட்ட வந்து என்ன சொன்னா தெரியுமா?

"அக்கா, பசிக்குது."

அக்கா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "எனக்குந்தான் தாயி."

ம் சத்தத்தையே காணோமே? சரி சரி. கதை கரை சேந்தாச்சு, கண்ணும் மூடியாச்சு. தூங்கு.