ராஜாவுக்கு முளைத்த பங்காளிகள்

நெடுங்குளத்து ராஜா கங்காதர பூபதிக்கு ஒரு வருஷம் சேவல் சண்டைப் பைத்தியம், மறு வருஷம் புறாப் பைத்தியம். அதற்கடுத்துப் பிடித்ததுதான் பெரிய பைத்தியம்: பாட்டன் முப்பாட்டனைத் தேடுகிற பைத்தியம். அதற்கென்று ஒரு சபையே கூட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஊர்ப் பெரிய மனுஷர்கள் நந்தவன மண்டபத்தில் கூடுவார்கள். சுண்டலும் அதிரசமும் வரும். தின்றுகொண்டே ஆளுக்கொரு முன்னோரைத் தோண்டி எடுப்பார்கள்.

வம்சம் பாட ஒரு புலவர் இருந்தார். நெய்ச்சோறு போட்டு ஒரு சால்வையும் போர்த்தினால், கேட்ட பாட்டனைக் கொண்டுவந்து நிறுத்துவார். ஒருவருடைய பாட்டன் போரில் யானையை மறித்தவர், இன்னொருவருடைய பாட்டன் புலியைக் கொன்றவர். ஒருத்தருக்காவது திருட்டுப் பாட்டன் கிடைக்கவேண்டுமே! ம்ஹூம். அந்த ஊரில் அத்தனை காலமும் ஆடு கோழிகள் தாமாகவே தொலைந்துபோயின போலிருக்கிறது.

அத்தோடு விட்டார்களா? கொஞ்ச நாளில் சபையிலிருந்த அத்தனை பேரும் ராஜாவுக்கே பங்காளிகளாகிவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கொள்ளுத்தாத்தா! ராஜா கூடப்பிறந்தவர் இல்லாத மனுஷர், பாவம். பூரிப்புத் தாங்கவில்லை.

"எல்லாம் என் ரத்தம்! ஆளுக்கொரு கிராமம் தானம்!" என்று அறிவித்துவிட்டார்.

படைக்குத் தலைவரான தளவாய் மருதப்பர் முந்திக்கொண்டு வேப்பங்குளத்தைக் கேட்டார். அது குழைக்காதனின் ஊர். ராஜாவைச் சிரிக்கவைப்பதே குழைக்காதனுக்கு உத்தியோகம். பலமுறை தளவாயை வைத்தே சிரிக்கவைத்திருக்கிறான். அந்தக் கடுப்பு தளவாய்க்கு.

மீசையை முறுக்கிக்கொண்டு அவர் சொன்னார்: "இனிமே உன் ஊர்க் குளத்துல மாடு குளிப்பாட்டணும்னாலும் என்னைக் கேட்கணும், தெரியுதா?"

குழைக்காதன் தன் வீட்டாரை நினைத்துப் பார்த்தான். அண்ணன் தம்பி, மாமனார் வீடு, எல்லாரும் அந்த மண்ணை நம்பித்தான் இருக்கிறார்கள். இந்த ஆள் கையில் சிக்கினால் கதி என்ன? நேரே ராஜாவிடம் போனான்.

"ராஜா, இவங்க யாரும் உங்க பங்காளி இல்லை. எல்லாம் நெய்ச்சோற்றுப் பங்காளி."

ராஜாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "பொறாமையா உனக்கு? நாளைக் காலையில தானம் கொடுக்கப்போறேன். அதுக்குள்ள அவங்க வாயாலேயே 'நாங்க பங்காளி இல்லை'ன்னு சொல்ல வை பார்ப்போம். முடியலைன்னா வேப்பங்குளம் தளவாய்க்கு. நீயும் அவருக்குக் குடை பிடிச்சுக்கிட்டுப் பின்னாலேயே போ!"

கிராமம் கிடைக்கும் நேரத்தில் எவனாவது அப்படிச் சொல்வானா? குழைக்காதன் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை. சபையார் பட்டு உடுத்தி, சந்தனம் பூசி, பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஈர வேட்டியும் அவிழ்ந்த குடுமியுமாக ஓடி வந்தான் குழைக்காதன். பின்னாலேயே அரண்மனை நாவிதர், கையில் கத்தியும் கிண்ணியும்.

"ஐயோ, மோசம் போனோமே! ராஜா வம்சத்துல பங்காளி சாவு!"

ராஜா பதறிப்போய்த் தன் மீசையைப் பொத்திக்கொண்டார். "யாருப்பா? யார் போனது?"

"முடிசூடினவங்களுக்குத் தீட்டு இல்லை ராஜா, நீங்க உட்காருங்க. மத்த பங்காளிகள்தான் தலையும் மீசையும் எடுக்கணும். பதினாறு நாள் தீட்டு. கோயிலுக்குப் போகக்கூடாது, வீட்டுல நல்ல காரியம் செய்யக்கூடாது. மூத்த பங்காளி யாரு? தளவாயா? வாங்க, முதல்ல உட்காருங்க."

தளவாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. புதன்கிழமை மகளுக்குக் கல்யாணம்! பந்தலுக்குக் கால் ஊன்றியாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே முரண்டு பிடிக்கிறவர்கள்.

இதற்குள் கோயில் தர்மகர்த்தா எழுந்துவிட்டார். மறுநாள் தேர். முதல் மரியாதை அவருக்குத்தான். "ராஜா, யோசிச்சுப் பார்த்தா நாங்க உங்களுக்கு மாமன் மச்சான் முறைதான் வரும்போல. மாமன் மச்சானுக்குத் தீட்டு ஏது?"

"நாங்களும் மச்சான்தான்!" என்றார் நகை வியாபாரி, தன் சுருள் முடியைத் தடவிக்கொண்டே.

"எனக்கு வெறும் ஊர்ப் பழக்கம்தான்!" என்றார் இன்னொருவர்.

புலவர் தூணுக்குப் பின்னால் நழுவிக்கொண்டிருந்தார். நாவிதர் தளவாயின் மீசையில் தண்ணீரைத் தொட்டு வைத்தார், பாருங்கள்!

"எடுய்யா கையை!" தளவாய் துள்ளி எழுந்தார். "ராஜா, சத்தியமா நான் பங்காளி இல்லை! எங்க பாட்டன் உங்க பாட்டனார் குதிரைக்குக் கொள்ளு வேகவச்சவர்! இந்தப் புலவன்தான் ரெண்டு சால்வை வாங்கிக்கிட்டு மாத்திப் பாடினான்!"

ராஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாரும் தரையில் எதையோ தேடினார்கள்.

"தானமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது! வேப்பங்குளம் வேப்பங்குளத்தாருக்கே. எல்லாரும் போங்கய்யா வெளியே!"

மண்டபம் காலியானது. ராஜா அடங்கிய குரலில் கேட்டார்: "அது கிடக்கட்டும் குழைக்காதா. செத்தது யாருன்னு இன்னும் சொல்லலையே நீ?"

"உங்க பங்காளிகள்தான் ராஜா. அத்தனை பேரும் இப்பத்தான் உங்க கண்ணெதிரே ஒரே மூச்சுல போய்ச் சேர்ந்தாங்க. நான்தான் கொஞ்சம் முந்தி அழுதுட்டேன்."