நூறு மாடு கட்டியவரின் ஓலை

ஏரி வெட்டியவன் பெயரை அழித்துவிட்டு அரசர் தம் பெயரைப் பொறித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் மருதநாட்டைக் கோளரிவர்மர் என்பவர் ஆண்டுவந்தார். காலையில் தோன்றியதை உச்சிவேளைக்குள் சட்டமாக்கி, மாலையில் மறந்துவிடுவார்.

அந்நாட்டுப் பேரேரியில் நீர் மேலிருந்து எத்தனையாம் படியில் நிற்கிறது என்று நாள்தோறும் ஒருவர் பார்த்து ஓலையில் எழுத வேண்டும். ஐந்து ஊராரும் அதைப் படியெடுத்துக்கொள்வர். எழுதியபடியே மடை திறக்கும். ஏரி நிறைந்திருந்தால் மேல்மடைக்கு முதல் நீர்; ஐந்தாம் படிக்குக் கீழே இறங்கிவிட்டால் கடைமடைக்கு முதல் நீர். எழுதுபவரைக் குடத்தில் இட்ட பெயரோலைகளிலிருந்து எடுப்பார்கள். அரண்மனைத் தொழுவத்தில் பிணையாக ஒரு மாடு கட்டினால் குடத்தில் ஓர் ஓலை. இது அரசரின் சட்டம்.

அவையில் செல்வாக்கு மிக்க சேந்தனார் நூறு மாடு கட்டினார். இச்சட்டம் வருமுன் பதினெட்டு ஆண்டுகள் ஒரு படிகூடத் தவறாமல் எழுதிவந்த கடைமடை நல்லமங்கை, தன் ஒரே மாட்டைக் கட்டினாள். பிறகு குடத்திலிருந்து யார் பெயர் வந்துகொண்டே இருந்தது என்று சொல்லவும் வேண்டுமோ? சேந்தனார் ஏரிப்பக்கம் போனதே இல்லை. மெத்தையில் சாய்ந்தபடியே ‘நிறைந்தது’ என்று எழுதிவிடுவார். மேல்மடையில் இருந்தவை அவருடைய வயல்கள்.

கடைமடையில் நெல் பால் பிடிக்கும் பருவம். நான்கு நாளில் நீர் வராவிட்டால் அத்தனையும் பதர். நல்லமங்கை அவைக்கு வந்து முறையிட்டாள்.

“நூறு மாடு பொய் சொல்லுமா, பெண்ணே?” என்றார் அரசர்.

“ஒற்றை மாட்டுக்காரிக்கு ஏரிகூடத் தொட்டியாகத்தான் தெரியும்” என்றார் சேந்தனார். அவை சிரித்தது.

அமைச்சர் நக்கனார் சிரிக்கவில்லை. “மாடு பொய் சொல்லாது, அரசே. ஆனால் ஓலையை எழுதுவது மாடு அல்லவே” என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போனார். அங்கே பிணைமாடுகள் அரண்மனை வைக்கோலைத் தின்று கொழுத்திருந்தன. கறந்த பால் சேந்தனார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பொய் எழுதியதற்காக இதுவரை எவரும் ஒரு கன்றைக்கூட இழந்ததில்லை. இது பிணையல்ல, மருமகனுக்கு வைக்கும் விருந்து என்று அமைச்சருக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் அவர் சேந்தனாரை அவையில் வானளாவப் புகழ்ந்தார். அவருடைய நேர்மைக்கு நூறு மாடு மிகக் குறைவு என்றார். பொய் எழுதினால் கட்டிய மாடெல்லாம் கடைமடை ஊருக்கே என்று விதி செய்தாலும் அவர் அஞ்சாமல் ஐந்நூறு கட்டுவார் என்றார். அத்தனை பேர் பார்த்திருக்கையில் மறுப்பது எப்படி? சேந்தனார் மீசையைத் தடவிக்கொண்டு அந்த விதிக்கு ஒப்பி ஐந்நூறு மாடுகளையும் கட்டினார். அமைச்சர் அரசரின் காதில் ஏதோ சொன்னார். விளையாட்டென்றால் அரசருக்கு உயிர்.

அடுத்த நாள் அரசர் அரியணையில் அமர்ந்ததும், ஏரி தளும்புகிறதாமே என்று மகிழ்ந்து பேசினார். பிறகு சேந்தனாரையும் நல்லமங்கையையும் பார்த்து, குடம் வேண்டாம், இன்று இருவருமே எழுதுங்கள் என்றார். சேந்தனார் எழுந்திருக்கக்கூட இல்லை. ‘தளும்புகிறது’ என்று அழகிய கையெழுத்தில் எழுதி நீட்டினார். நல்லமங்கை, பார்க்காமல் எழுதிப் பழக்கமில்லை என்று விடைபெற்றுப் போனாள். காலெல்லாம் சேறோடு திரும்பி, ‘ஒன்பதாம் படி’ என்று எழுதினாள்.

அவை முழுவதும் ஏரிக்கரைக்கு நடந்தது. எட்டுப் படிகள் காய்ந்து வெடித்திருந்தன. எட்டாம் படியில் ஒரு நாய் படுத்திருந்தது.

சேந்தனார் அரசர் பக்கம் திரும்பினார். “அரசே, தாங்கள்தானே தளும்புகிறது என்றீர்கள்?”

“சொன்னேன்” என்றார் அரசர். “நான் மாடு கட்டவில்லையே.”

அன்றே கடைமடைக்கு நீர் பாய்ந்தது. பின்னாலேயே ஐந்நூறு மாடுகளும் போயின. நல்லமங்கைக்கு அரசர் பட்டாடை போர்த்தினார். எத்தனை மாடு கட்டினாலும் பத்து ஓலைக்கு மேல் இல்லை, ஐந்து ஊராரும் ஒத்துப்பார்த்து மெய் என்று கண்ட ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் ஓலை கூடும், ஒரு பொய்க்கு மாடும் போகும் ஓலையும் போகும் என்று அமைச்சர் புது விதி எழுதினார்.

சேந்தனார் இப்போது ஒரு மாடு கட்டியிருக்கிறார். தம் பெயர் வரும் நாளில் விடியலிலேயே ஏரிக்குப் போய், படிகளை இருமுறை எண்ணுகிறார். அந்த நாட்டில் பிணை ஏதும் கட்டாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடியவர் இன்று ஒருவரே. அவர் பெயரைச் சொல்ல என்னிடம் அத்தனை மாடுகள் இல்லை.